ஊரடங்கை எவ்வளவு இறுக்குவது? 500 பேருக்கு ஒரு கணக்கு, 36,000 பேருக்கு ஒரு கணக்கா?

வேம்படி:
நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். 2020 கொரோனா ஊரடங்கு தேவையில்லாத அட்டகாசம் என்றார் ஒருவர். அது இல்லாவிட்டால் நீ இன்று இந்த இலையில் உட்கார்ந்திருக்க மாட்டாய் என்றார் மற்றவர். எனக்கு வேறு சந்தேகம். எவ்வளவு இறுக்குவது என்று அரசு எதைப் பார்த்து முடிவு செய்கிறது? மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசியபோது நாடு முழுக்கத் தொற்று உறுதியானவர்கள் சுமார் 500 பேர்தான். நள்ளிரவிலிருந்து 21 நாள். நான்கு மணி நேர அவகாசம்.

கொசுவலை:
500ஐப் பார்க்கக் கூடாது, அது ஓடும் வேகத்தைப் பார்க்கணும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒரே மாதத்தில் 5 லட்சம். அதுவும் இன்று பாசிட்டிவ் வந்தவருக்குத் தொற்றியது ஒரு வாரத்துக்கு முன்னால், ஆக அரசு எப்போதும் பழைய நிலவரத்தைத்தான் பார்க்கிறது. படுக்கை எத்தனை, ஆக்சிஜன் எத்தனை, எந்தத் தேதியில் தீரும் என்பதுதான் கணக்கு. ஒன்றும் செய்யாமல் விட்டால் பிரிட்டனில் 5 லட்சம் பேர் சாகலாம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி மார்ச் 16 அன்று அறிக்கை விட்டது. இத்தாலி வேறு கண்முன்னே இருந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கைகட்டி உட்கார எந்த அரசுக்குத் தைரியம் வரும்?

மண்டிக்காரன் மகன்:
பெருக்கல் கணக்கு எங்களுக்கும் தெரியும் அண்ணே. சென்னைக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டுக்கு வாருங்கள். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் விடிகாலை நான் அப்பாவோடு மண்டியில் இருந்தேன். மொத்த வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களெல்லாம் வயர்கூடையோடு நிற்கிறார்கள். வழக்கமாகப் பெட்டியின் அடிவரை கைவிட்டுப் பார்த்துத்தான் தக்காளிக்குப் பேரம் பேசுவார்கள். அன்று ஒருத்தரும் மூடியைத் திறக்கவில்லை, பணத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். பணம் வாங்கிய அதே கையால் அப்பா முகத்தில் கட்டியிருந்த துண்டை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். மே 5 அன்று மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் லோடுமேன்களோடு சேர்ந்து நோயும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று லாரி ஏறிவிட்டது.

கொசுவலை:
தம்பி, அந்த ஒரு காலை மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள். மார்ச், ஏப்ரல் முழுக்க அந்த மார்க்கெட் நெரிசலோடுதான் ஓடியது. தொற்று முன்பே உள்ளே வந்திருக்கலாம். வேறு இடத்துக்குப் போகச் சொன்னோம், வியாபாரிகள் கேட்கவில்லை என்று அப்போதைய முதல்வர் பழனிசாமியே சொன்னார். அங்கே நடந்தது கடுமை போதாததன் விளைவு.

மண்டிக்காரன் மகன்:
கேட்கவில்லை, உண்மைதான். ஏன் கேட்கவில்லை? அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு கூரை இல்லாத இடத்துக்கு யார் போவார்கள்? கடைசியில் திருமழிசைக்கு அனுப்பினார்கள், மழை பெய்ததும் சேற்றில் நின்று வியாபாரம் செய்தோம். ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் நிவாரணம். நம்மூரில் இறுக்கத்தின் அளவை முடிவு செய்தவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், அவ்வளவுதான் என் வழக்கு.

ஒஸ்லோவாசி:
இங்கே நோர்வேயில் நடந்ததையும் சொல்கிறேன். 2020 மார்ச் 12 அன்று பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பொதுச் சுகாதார நிறுவனம் அப்படிப் பரிந்துரைக்கவே இல்லை. பயத்தில்தான் பல முடிவுகளை எடுத்தேன் என்று பிரதமர் ஏர்னா சூல்பர்க் மே மாதம் தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார். பக்கத்து வீடான சுவீடன் சின்ன வகுப்புகளைப் பூட்டவே இல்லை. பெரும்பாலும் அறிவுரையோடு நிறுத்திக்கொண்டது சரிதான், ஆனால் முதல் வாரங்களில் இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்று 2022இல் அவர்களுடைய விசாரணைக் குழுவே எழுதியது. முதல் அலையில் சுவீடனில் செத்தவர்கள் எங்களைவிட மிக அதிகம். ஆக இரண்டு பக்கமும் பிழை உண்டு. ஆனால் எங்கள் சின்னப் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியிலேயே வகுப்புக்குப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை திறந்தது 2021 நவம்பர் 1 அல்லவா? பூட்டும்போது கூட்டம் போடுகிறார்கள், திறப்பதற்கு யார் கூட்டம் போடுவது?

கொசுவலை:
பள்ளிக்கூட விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல், அதுவும் வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு. மற்றதில் நான் மாறவில்லை.

வேம்படி:
சரி, 2021ஐ யாரும் தொடவில்லையே? ஏப்ரல் 6 தேர்தல். அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஒரு நாளைக்கு 3,000க்கு மேல் தொற்று. அதுவரை பிரசாரம் கூட்டத்தோடுதான் நடந்தது. முழு ஊரடங்கு மே 10. தளர்வில்லாத ஊரடங்கு மே 24, அதற்கு மூன்று நாள் முன்பு தினசரி எண்ணிக்கை 36,000ஐத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. கொசுவலை, உங்கள் வேகக் கணக்கு அந்த ஏப்ரலில் எங்கே போனது?

மண்டிக்காரன் மகன்:
அதைக் கேளுங்கள்! ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லணும். அந்த முறை கடைகளைத் திறந்து வைத்து இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள், ஊருக்குப் போகிறவர்களுக்குப் பஸ் விட்டார்கள். காய்கறி குட்டியானையில் தெருவுக்கே வந்தது. ரொம்ப லேட்தான், ஆனால் செய்த விதத்தில் கோயம்பேட்டுப் பாடம் கொஞ்சம் தெரிந்தது.

கொசுவலை:
கணக்கு எங்கேயும் போகவில்லை வேம்படி. கேட்க வேண்டியவர்கள் மேடையில் இருந்தார்கள்.

இன்னொன்று, இது என் வாதத்துக்கே எதிரானது. 2020 ஜூனில் வடசென்னையில் ஒரு காய்ச்சல் முகாமில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒருவர் வந்தார். 101 டிகிரி காய்ச்சல், நிற்க முடியவில்லை. போன் நம்பர் கேட்டேன், ஒன்று சொன்னார். சாயங்காலம் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். விலாசத்தில் இருந்த தெருவுக்குப் போனோம். எதிர்வீட்டு வாசலில், தொற்று வந்த வீடு என்று முந்தின நாள் அடைத்து அடித்த தகரம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முகாமுக்கு வந்திருக்கிறார். அன்றைய பட்டியலில் அவரையும் ஓர் எண்ணாகத்தான் சேர்த்தேன்.