பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, குழியில் கையை அடிக்கிறது: முன் ஃபோர்க்கில் எதை மாற்றுவது?

மலைப்பாதை:

வணக்கம். என்னுடையது 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி, எடை 200 கிலோவுக்குச் சற்று மேல். முன்னால் 41 மிமீ சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்), மொத்த ஓட்டம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 110 மிமீ. எந்த அட்ஜஸ்டரும் கிடையாது. ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து நான் 84 கிலோ. வீடு நாமக்கல் பக்கம் என்பதால் ஓட்டுவது பெரும்பாலும் கொல்லிமலை, ஏற்காடு.

பிரச்சினை இரண்டு. மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமுங்கிவிடுகிறது. கொல்லிமலையின் காரவள்ளி இறக்கத்தில் வளைவுகள் 70. ஒவ்வொன்றிலும் இதே கதை. அமுங்கியிருக்கும் நேரத்தில் ரோட்டில் ஒரு மேடு வந்தால் 'டங்' என்று அடியில் முட்டுகிறது. இன்னொன்று இதற்கு நேர்மாறு: சின்னக் குழி, பாலத்தின் இணைப்பு, வரிசையாகப் போட்டிருக்கும் வேகத்தடைக் கோடுகள் இவற்றில் மணிக்கட்டு வரை அடிக்கிறது. மெத்தென்று இருக்கிறதா, கட்டையாக இருக்கிறதா என்றே புரியவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் ஆயிலை மாற்றி கெட்டியானது ஊற்றிக் கொடுத்தார்கள், 20டபிள்யூ என்றார்கள். மூக்கு குத்துவது கொஞ்சம் நிதானமானது, ஆனால் குழியில் அடி இன்னும் கூடிவிட்டது. 25 ஆயிரம் வரை செலவு செய்யத் தயார். கார்ட்ரிட்ஜ் கிட் போடுவதா, யுஎஸ்டி (தலைகீழ்) ஃபோர்க் மாற்றுவதா, ஸ்பிரிங் மட்டும் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் ட்வின்:

ப்ரோ, கொஞ்சம் சேர்த்துப் போட்டு கார்ட்ரிட்ஜ் கிட்டே வாங்கிவிடுங்கள். ஆயில் ஓட்டத்தைத் தடுத்து ஆட்டத்தை அடக்கும் பழைய டேம்பர் ராட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, உள்ளே ஷிம் வால்வோடு (மெல்லிய தகடுகள் வளைந்து ஆயிலுக்கு வழி விடும் வால்வ்) முழு யூனிட்டாக இறங்கும். பல கிட்களில் ஒரு காலில் அமுங்கலும் இன்னொரு காலில் ரீபவுண்டும் (அமுங்கியது திரும்ப நீள்வது) வெளியிலிருந்தே திருகிக்கொள்ளலாம். நான் போட்ட பிறகு வண்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது.

சாலைப்புழுதி:

வேறு வண்டியிலிருந்து கழற்றிய யுஎஸ்டி செட் கிடைத்தால் அது மலிவு. பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

பழைய பட்டறை:

மலைப்பாதை தம்பி, வாங்குவதற்கு முன்னால் அளந்துவிடலாம். ஒரு டேப்பும் ஒரு கேபிள் டையும் போதும், கூட இரண்டு பேர் இருந்தால் நல்லது.

முதலில் யுஎஸ்டி பற்றி. அந்த ஃபோர்க் செட்டின் நீளம், கிளாம்ப்பின் ஆஃப்செட் (ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து ஃபோர்க் தள்ளி நிற்கும் தூரம்), ஸ்டெம், அச்சு, காலிப்பர் பொருத்தும் இடம், ஏபிஎஸ் சென்சார் என்று எல்லாம் இடிக்கும். ஆஃப்செட் மாறினால் டிரெயில் மாறும், அதாவது ஹேண்டில் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். வளைவில் வண்டி சொல்பேச்சு கேட்பது அதில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். தோற்றத்துக்காக இந்த வேலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது சேக் அளவு, அதாவது எடையில் ஃபோர்க் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். டஸ்ட் சீலின் மேல் விளிம்பிலிருந்து கீழ் கிளாம்ப்பின் அடி வரைக்கும் பளபளப்பாகத் தெரியும் குழாயை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, முழு கியரோடு ஏறி, ஓட்டும் வாக்கில் உட்காருங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஹேண்டில்பாரை மேலே தூக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு எடுக்கட்டும், கீழே அமுக்கி மெதுவாக விட்டு இன்னொரு அளவு எடுக்கட்டும். இந்த இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் வருவதுதான் சேக். நீங்கள் ஏறாமல் வண்டி மட்டும் நிற்கும்போதும் இதே மாதிரி எடுங்கள். கூடவே கேபிள் டையை ஃபோர்க் குழாயில் மாட்டி சீல் வரை தள்ளிவிட்டு மலை இறங்கி வாருங்கள். எது வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போது வரும் 'டங்' சில நேரம் ஃபோர்க்கிலிருந்தே வராது. முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஃபோர்க்கின் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸ். ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அது சரியாகாமல் ஸ்பிரிங் போட்டுப் பயனில்லை.

மலைப்பாதை:

ரொம்ப நன்றி அண்ணா. கோன் செட்டில் ஆட்டமும் இல்லை, சிக்கலும் இல்லை.

தூக்கி நிறுத்தியபோது 118 மிமீ. நான் உட்கார்ந்த பிறகு, தூக்கி விட்டால் 73, அமுக்கி விட்டால் 59. சராசரி 66, அப்படியென்றால் சேக் 52. வண்டி மட்டும் நிற்கும்போது 28. மலை இறங்கி வந்ததும் பார்த்தால் கேபிள் டை கடைசி வரை போயிருக்கிறது.

பழைய பட்டறை:

இந்த எண்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டன தம்பி.

ரோட்டு வண்டிக்கு மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் சேக் இருந்தால் நல்லது. 110க்கு 30 முதல் 36 வரை. உங்களுடையது 52, கிட்டத்தட்ட பாதி. பிரேக்கைத் தொடும் முன்பே பாதி ஓட்டம் செலவாகிவிட்டது.

நீங்கள் ஏறியதும் கூடுதலாக இறங்கியது 24 மிமீ. 84 கிலோவில் முன்னால் விழுவது சுமார் 38 கிலோ, ஃபோர்க்கின் சாய்வைக் கழித்தால் 34 என்று வையுங்கள். 34ஐ 24ஆல் வகுத்தால் இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஒரு மிமீக்கு 1.4 கிலோ, ஒன்றுக்கு 0.7. இந்த எடை வண்டிக்கு 84 கிலோ ஆள் மலையில் ஓட்ட 0.9 பக்கம் வேண்டும்.

பிரேக்குக்கும் ஒரு தோராயக் கணக்கு பார்ப்போம். ஆளும் வண்டியும் 290 கிலோ, வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி, எடையின் மையம் 60 செமீ உயரம், இரு சக்கர இடைவெளி 140 செமீ என்று வைத்தால் பின்னாலிருந்து 62 கிலோ முன்னால் சாய்கிறது. ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் பிரேக்கின் இழுவையே அதை மேலும் அமுக்கும். எல்லாம் சேர்த்து 100 கிலோ பக்கம் வரும். 1.4 ஸ்பிரிங்கில் அது 70 மிமீ. ஏற்கனவே உள்ள 52உடன் கூட்டினால் 122, உங்கள் ஓட்டமோ 110. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் தாங்கும் என்றாலும் அடியில் முட்டாமல் எப்படி இருக்கும்? 0.9 ஸ்பிரிங் என்றால் 56 மிமீதான், சேக்கும் 36 பக்கம் வந்துவிடும். மொத்தம் 92. மேடு வந்தால் வாங்கிக்கொள்ள 18 மிமீ மிச்சம்.

இதே ஸ்பிரிங்கில் ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் குழாய்த் துண்டு) அல்லது வாஷர் போட்டு ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் முன் அழுத்தம், ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். ப்ரீலோட் வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. சேக் 37 ஆகிவிடும், ஆனால் பிரேக்கில் அதே 70 இறங்கும், மறுபடி அடிவரை. மேலே நீள்வதற்கும் இடம் இருக்காது, குழி வந்தால் சக்கரம் கீழே போக முடியாமல் மேல் முட்டு முட்டும்.

அடுத்து, 73க்கும் 59க்கும் நடுவே 14 மிமீ வித்தியாசம் இருக்கிறதே, அது உள்ளே எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். சின்னக் குழியில் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்கள் அச்சைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட்டை அப்படியே இறுக்கிவிட்டால் ஒரு கால் லேசாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அச்சு நட்டை இறுக்குங்கள், பின்ச் போல்ட்டைத் தளர்த்துங்கள், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி முன் பிரேக் பிடித்தபடி நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். கால் தானாகத் தன் இடத்துக்கு வரும். அதற்குப் பிறகு பின்ச் போல்ட்டை இறுக்குங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

திருப்பூர் ட்வின்:

ஆனால் அண்ணா, கெட்டி ஆயில் ஊற்றியும் அவருக்கு ஏன் சரியாகவில்லை? அதனால்தான் நான் கார்ட்ரிட்ஜ் என்றேன்.

பழைய பட்டறை:

சரியான கேள்வி. இவருடைய ஃபோர்க் டேம்பர் ராட் வகை. ஆயில் போவது நிலையான அளவுள்ள துளைகள் வழியாக. அந்த வகையில் தடை, வேகத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும். ஃபோர்க் இரண்டு மடங்கு வேகமாக அமுங்கினால் தடை நான்கு மடங்கு. பிரேக்கில் ஃபோர்க் மெதுவாக இறங்குகிறது, அங்கே தடையே போதாது. குழியின் கூர்மையான விளிம்பில் மின்னல் வேகத்தில் அமுங்க வேண்டும், அங்கே ஆயில் துளைக்குள் போக முடியாமல் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது, அடி நேராகக் கைக்கு வருகிறது. 20டபிள்யூ ஊற்றினால் முதல் பக்கத்தில் கொஞ்சம் லாபம், இரண்டாவது பக்கத்தில் பெரிய நஷ்டம். பிரேக்கில் வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்பிரிங். ஆயில் அந்த வேகத்தைத் தாமதிக்கும், அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜ் நல்ல பொருள், குறை சொல்லவில்லை. ஆனால் அதிலும் ஆளின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் இல்லையென்றால் இதே கதைதான். இவருடைய பட்ஜெட்டில் ஸ்பிரிங் முதலில். பிறகும் கூர்மையான அடி தொந்தரவு செய்தால் டேம்பர் ராட்டின் தலையில் உட்காரும் எமுலேட்டர் வால்வ் போடலாம். ரேஸ் டெக்கின் கோல்ட் வால்வ், ஒய்எஸ்எஸ்ஸின் பிடி வால்வ் எல்லாம் அந்த வகை. வேகமாக அமுங்கும்போது வால்வ் திறந்து வழி விடும்.

மலைப்பாதை:

புரிந்தது. பின்ச் போல்ட் வேலையைச் செய்து பார்த்தேன், வித்தியாசம் 14லிருந்து 6 ஆகிவிட்டது! பழைய பாலத்தின் இணைப்பில் கை அடிப்பது உடனே குறைந்தது தெரிகிறது. 0.90 ஸ்பிரிங் ஜோடி சொல்லிவிட்டேன். நானே மாட்டலாமா?

பழைய பட்டறை:

மாட்டலாம், அவசரப்படாமல். முன்பக்கத்தின் எடை ஃபோர்க்கில் இருக்கும்போது மேல் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். ஸ்பிரிங் மூடியைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளும், வண்டியும் சரியும். இன்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுத்து, முன் சக்கரம் காற்றில் இருக்க வேண்டும். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய பிறகு மூடியைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் மரை கடித்துக்கொள்ளும். காலிப்பரைக் கழற்றியதும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், ஏபிஎஸ் வயரை இழுக்காதீர்கள், பிரேக் லீவரைத் தொடாதீர்கள்.

அந்த 20டபிள்யூ முழுவதையும் வடித்துவிடுங்கள். சர்வீஸ் மேனுவலில் சொன்ன தரத்தை ஊற்றினால் போதும், அநேகமாக 10டபிள்யூ. இரண்டு காலுக்கும் ஒரே நிறுவனத்தின் ஆயில் இருக்கட்டும், ஏனென்றால் ஒருவருடைய 10டபிள்யூவும் இன்னொருவருடைய 10டபிள்யூவும் ஒரே அளவு கெட்டியாக இருக்காது. மில்லி கணக்கில் ஊற்றி நிறுத்தாதீர்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவு வர வேண்டும். அந்தக் காற்று இடைவெளியும் ஒரு ஸ்பிரிங்தான், கடைசி ஓட்டத்தில்தான் அது வேலை செய்யும். இதே நேரத்தில், ஃபோர்க் முழுவதும் அமுங்கியிருக்கும்போது சீல் நிற்கும் இடத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால், கேபிள் டை நின்ற இடத்துக்கும் உண்மையான அடிக்கும் எவ்வளவு தூரம் என்று பிறகு சரியாகத் தெரியும்.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். புதியது குட்டையாக இருந்தால் அந்த அளவுக்கு ஸ்பேசரை நீளமாக வெட்ட வேண்டும்.

மலைப்பாதை:

மாட்டியாகிவிட்டது. வண்டி மட்டும் 17, நான் உட்கார்ந்தால் 36. காரவள்ளி இறங்கி வந்தேன், கேபிள் டை அடிக்கு 18 மிமீ முன்னால் நிற்கிறது! 'டங்' சத்தம் ஒரு வளைவில்கூட வரவில்லை. பிரேக் பிடித்தபடியே வளைவுக்குள் திருப்ப முடிகிறது, முன்பெல்லாம் அந்த இடத்தில் நெஞ்சு பதறும். கூர்மையான குழியில் மட்டும் இன்னும் கொஞ்சம் அடி. அதற்கு வால்வ் வாங்கலாமா? மனைவி பின்னால் உட்கார்ந்தால் முன்னால் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பழைய பட்டறை:

மகிழ்ச்சி தம்பி. பின்னால் ஆள் உட்கார்ந்தால் எடையில் பெரும்பகுதி பின் ஷாக்குக்குத்தான் போகும். பின் ப்ரீலோடை இரண்டு படி ஏற்றுங்கள், முன்னால் தொட வேண்டாம்.

மிச்சமிருக்கும் அடி டேம்பர் ராட்டின் துளைகளால் வருவது, அதற்கு வால்வ்தான் மருந்து. வாங்கலாம். வால்வ் போட்டால் டேம்பர் ராட்டின் அடியில் உள்ள அமுங்கல் துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் கட்டுப்பாடு வால்வின் கைக்கு வரும். அளவு கிட்டோடு வரும் தாளில் இருக்கும். மேலே உள்ள சின்னத் துளை ரீபவுண்டுக்கு, அதைத் தொடவே கூடாது. அந்த ரீபவுண்டை ஆயிலின் தரத்தை வைத்துத்தான் சரிசெய்வோம், வால்வ் வந்த பிறகு 15டபிள்யூ வரை போக நேரலாம். வால்வின் உயரம் ஸ்பிரிங்குக்கு அடியில் கூடுவதால் ஸ்பேசரில் அதே அளவைக் குறைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் 36 என்று வந்திருக்கும் சேக் கெட்டுவிடும். டிரில் வைக்கும் முன் டேம்பர் ராட்டின் படத்தைப் போடுங்கள், எந்தத் துளை எதற்கு என்று குறித்துத் தருகிறேன்.