லைசிஸ்ட்ராட்டா வாசிப்பு: எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

கேள்வி

போர் அகதிகளுக்கு நிதி திரட்டுவதற்காக, போரை நிறுத்தும்வரை கணவர்களுக்குப் படுக்கையை மறுக்கும் பெண்களைப் பற்றிய அரிஸ்டோஃபனீஸின் பழைய கிரேக்க நகைச்சுவை நாடகமான 'லைசிஸ்ட்ராட்டா'வை அடுத்த மாதம் எங்கள் குழு வாசிக்க இருக்கிறது. ஈராக் போர் தொடங்குவதற்கு 17 நாள் முன்னதாக, 2003 மார்ச் 3 அன்று, நியூயார்க் நடிகைகள் இருவரின் அழைப்பை ஏற்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இதே நாடகம் வாசிக்கப்பட்டதே எங்களுக்கு முன்மாதிரி. எழுபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கொச்சையான வசனங்களை எடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில் 1

எடுக்காதீர்கள். கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, வாசனைத் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவரப் போய்ப் போய், கணவனைத் தவிக்கவிட்டுக் கடைசியில் மிர்ரினி ஓடிவிடும் காட்சியை அடக்கி வாசித்தால் நாடகத்தின் உயிரே போய்விடும். கோரஸ் பாடல்களில் அன்றைய ஏதென்ஸ்காரர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்யும் வரிகள் இன்று யாருக்கும் புரியாது. அவற்றைத் தாராளமாக வெட்டலாம்.

பதில் 2

படுக்கையை மறுப்பது பாதிக் கதைதான். நாடகம் மேடையேறியது கி.மு. 411இல், அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், ஸ்பார்ட்டாவுடனான நீண்ட போரின்போது, சிசிலியில் ஏதென்ஸின் கப்பற்படை அடியோடு அழிந்திருந்தது. புதிய துடுப்புகளுக்குப் பணம் எடுக்க அதிகாரி வருகிறார். அதற்குள் கிழவிகள் ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸில் புகுந்து கஜானாவைப் பூட்டிவிட்டார்கள். பணம் இல்லாவிட்டால் போர் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிதி திரட்டும் நிகழ்வில் இந்தக் காட்சியைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பளியை அலசி, முள் பொறுக்கி, நூற்று, மக்களுக்கு ஒரு மேலாடை நெய்வதுபோல நாட்டைச் சீர்செய்யலாம் என்று நாயகி லைசிஸ்ட்ராட்டா விளக்குவதும் இங்கேதான். பிள்ளைகளைப் பெற்றுப் போருக்கு அனுப்புகிறோமே என்று அவள் தொடங்கியதும், பழையதைக் கிளறாதே என்று அதிகாரி அவள் வாயை அடைக்கிறார். சிசிலியில் மகனை இழந்தவர்கள் அன்று அந்த அரங்கில் இருந்திருப்பார்கள்.

பதில் 3

துண்டறிக்கையில் 'எல்லாப் போருக்கும் எதிரான நாடகம்' என்று போட வேண்டாம். ஒரே பலிபீடத்தில் நீர் தெளிக்கும் உறவினர்களான நீங்கள், அந்நியப் பகைவர் படையோடு நிற்கும்போது கிரேக்கர்களையே கொல்கிறீர்களே என்றுதான் லைசிஸ்ட்ராட்டா ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என இரு தரப்பையும் கண்டிக்கிறாள். அவள் கேட்பது கிரேக்கர்களுக்கிடையிலான சமாதானம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. துண்டறிக்கையைத் திருத்திவிட்டேன். கஜானாக் காட்சியை முழுதாக வாசிக்கிறோம். அதிகாரி வாயடைக்கும் இடத்தில் சற்று நேரம் மௌனம் விடச் சொல்லியிருக்கிறேன்.