ரிப்போர்ட்ல அன்கான்ஜுகேட்டட் எஸ்ட்ரியால்னு இருக்கே, அப்படின்னா என்ன?

மாசிநிலா:
முதல் பிள்ளை, நாலாவது மாசம் ஓடுது. குழந்தைக்குக் குறை ஏதும் இருக்க வாய்ப்பிருக்கான்னு ரத்தத்துல நாலு அளவு பாக்கற குவாட்ரபிள் மார்க்கர் டெஸ்ட்ல மத்த மூணும் நார்மல், இந்த அன்கான்ஜுகேட்டட் எஸ்ட்ரியால் மட்டும் 0.58 எம்ஓஎம், கம்மின்னு போட்டிருக்கு. டாக்டரை நாளன்னைக்குதான் பாக்க முடியும். ஈஸ்ட்ரோஜன் கேள்விப்பட்டிருக்கேன், அது என்ன அன்கான்ஜுகேட்டட், அப்போ கான்ஜுகேட்டட்னு வேற ஒண்ணு உடம்புல இருக்கா? கூகுள் பண்ணி தூக்கம் போனதுதான் மிச்சம்.

பழைய லேப்காரன்:
இருக்கும்மா, நிறையவே இருக்கு. ஈஸ்ட்ரோஜன் எண்ணெய்ச் சாமான் மாதிரி, தண்ணில கரையாது, அதனால கல்லீரல் அதோட ஒரு சல்பேட்டையோ குளுகுரோனைடையோ ஒட்டிவிடும், அதுதான் கான்ஜுகேட்டட். ஒட்டினா ஹார்மோனா வேலை செய்யாது, தண்ணில கரைஞ்சு சிறுநீர்லயும் பித்தத்துலயும் போயிடும். ஆனா எல்லாமே கழிவுன்னு நினைச்சிடாதீங்க, எஸ்ட்ரோன்ங்கற ஈஸ்ட்ரோஜனோட சல்பேட் ரத்தத்துல கிடங்கு மாதிரி சுத்திட்டே இருக்கும், வேணுங்கற இடத்துல சல்பேடேஸ்ங்கற என்சைம் அந்த ஒட்டைப் பிரிச்சு திரும்ப ஹார்மோனாக்கிடும். குடல்ல இருக்கற பாக்டீரியா கூட குளுகுரோனைடை வெட்டிவிடும், கொஞ்சம் திரும்ப ரத்தத்துக்கே வந்துடும்.

எஸ்ட்ரியாலும் ஒரு ஈஸ்ட்ரோஜன்தான், ஆனா அது உங்களுது மட்டும் இல்ல, குழந்தையோட அட்ரினல் சுரப்பி ஒரு சல்பேட் சரக்கை அனுப்பும், குழந்தையோட கல்லீரல் அதை மாத்தும், நஞ்சுக்கொடி சல்பேட்டைக் கழட்டி எஸ்ட்ரியாலா முடிக்கும். அது உங்க ரத்தத்துக்கு வந்ததும் உங்க கல்லீரல் உடனே ஒட்ட ஆரம்பிச்சிடும். இன்னும் ஒட்டாத புது சரக்கைத்தான் அன்கான்ஜுகேட்டட்னு அளக்கறாங்க. ஆமா, ரிப்போர்ட்ல எத்தனை வாரம்னு போட்டிருக்கு?

கடலோரம்:
எங்க அண்ணிக்கு இது ரொம்பவே கம்மியா வந்துச்சு, வீடே அழுதுச்சு. கடைசில பையனுக்கு அந்த சல்பேடேஸ் என்சைம் இல்லையாம், நஞ்சுக்கொடில கழட்ட ஆள் இல்லாம எஸ்ட்ரியால் உண்டாகல. தேதி தாண்டியும் வலி வரல. பையனுக்குத் தோல் மட்டும் மீன் செதில் மாதிரி உரியும், க்ரீம் போடறோம், இப்ப தெருவுல கிரிக்கெட் ஆடறான். உங்க அப்பாவுக்கோ தாய்மாமாவுக்கோ அப்படித் தோல் இருந்தா டாக்டர்ட்ட சொல்லுங்க. அவ்ளோ கம்மி இல்ல உங்களுது, பயப்படாதீங்க.

சும்மாவந்தேன்:
டாபிக் மாறுது, மன்னிக்கவும். பெரியம்மா மாத்திரை அட்டைல கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன்ஸ்னு பாத்திருக்கேன், அதே கதையா?

பழைய லேப்காரன்:
அதேதான் தம்பி, சல்பேட் ஒட்டினது. ப்ரிமரின்ங்கற மாத்திரை 1942லயே அமெரிக்காவுல வந்துச்சு, சினைக் குதிரையோட மூத்திரத்துலேருந்து எடுக்கறது, பேரே அதை இங்கிலீஷ்ல சொல்ற 'ப்ரெக்னன்ட் மேர்ஸ் யூரின்'ங்கறதோட சுருக்கம்தான். அதுல பாதி எஸ்ட்ரோன் சல்பேட், மனுஷ உடம்புல இருக்கற அதே சாமான். மீதில ஈக்விலின் மாதிரி குதிரைக்கே உரியதும் இருக்கு. பெரியம்மாட்ட குதிரைக் கதையைச் சொல்லாதீங்க, மாத்திரையை நிறுத்திடுவாங்க.

மாசிநிலா:
அண்ணா, வாரம் கேட்டீங்கல்ல. ரிப்போர்ட்ல 18 வாரம் 2 நாள்னு இருக்கு, ஸ்கேன்படி டெஸ்ட் அன்னைக்கு 16 வாரம்தான்!! எனக்கு பீரியட்ஸ் எப்பவுமே தள்ளித்தான் வரும், நான் கடைசி தேதியை மட்டும் சொன்னேன்.

பழைய லேப்காரன்:
அப்பவே நினைச்சேன். எம்ஓஎம்னா அந்த வாரத்து நடு அளவோட ஒப்பிட்ட கணக்கு, எஸ்ட்ரியால் வாராவாரம் ஏறிட்டே போகும், 16 வாரத்து ரத்தத்தை 18ஓட ஒப்பிட்டா கம்மியாத்தான் தெரியும். மத்த மூணோட கணக்கும் அதே வாரத்தை வச்சுதான், அதுவும் மாறும். திரும்ப ரத்தம் குடுக்க வேண்டியதில்ல, ஸ்கேன் ரிப்போர்ட்டை லேப்ல காட்டி மறுபடி கணக்கு போடச் சொல்லுங்க, புது ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க.

மாசிநிலா:
காலைல முதல் ஆளா லேப் வாசல்ல நிப்பேன் அண்ணா.