கும்பகோணம் பக்கம் நல்ல டைனிங் நாற்காலி செய்யும் ஆசாரி யார்?

வணக்கம். ஆறு நாற்காலி வேண்டும். மேஜை உயரம் 30 அங்குலம், அடியில் 3 அங்குலச் சட்டம். இருக்கை 18 அங்குலத்தில் இருந்தால் தொடைக்கு 9 அங்குலம் கிடைக்கும், போதும். குஷன் வேண்டாம்; ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடிக்கும்.

ரப்பர் மரம் மலிவுதான், ஆனால் மருந்தேற்றாததென்றால் பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். தேக்கிலும் வைரம் பாய்ந்த மரம்தான் வேண்டும். வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி) கலந்தால் உளுத்துவிடும்.

பின்னங்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடம்தான் முதலில் ஆடும். சாய்ந்து உட்காரும்போது பாரம் அதிகமாக அங்கேதான் இறங்குகிறது. வெறும் திருகாணி நிற்காது; காலில் துளையிட்டு, சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி அதில் இறக்கி, பசை போட்டு, உள்மூலையில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். இப்படிச் செய்பவர் தஞ்சாவூர், மயிலாடுதுறையில் இருந்தாலும் சொல்லுங்கள். நாற்காலிக்குக் கூலி எவ்வளவு? மரம் நாமே வாங்கிக் கொடுக்கலாமா?