ராத்திரி முண்டந்துறைக்குள் போய் நட்சத்திரம் பார்க்க முடியுமா?

பாளை மொட்டைமாடி:
வணக்கம் மக்கா. எங்கள் வீடு பாளையங்கோட்டை. ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு வானத்துக் கிறுக்கு பிடித்துவிட்டது, ஆனால் மாடியில் நின்று எண்ணினால் முப்பது நட்சத்திரம்கூடத் தேறவில்லை, தெருவிளக்கும் எதிர்த்த கல்யாண மண்டபமும் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை 2024-இல் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்று அறிவித்ததைப் படித்துவிட்டு, "நமக்கும்தான் புலிக்காடு இருக்கே, அங்க போவோம்ப்பா" என்கிறாள். மே லீவில் முண்டந்துறை, காரையாறு பக்கம் ராத்திரி காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாமா? அனுமதி வாங்க வழி உண்டா? கையில் பழைய 7x50 பைனாகுலர் ஒன்று இருக்கிறது. இன்னொன்று, துருவ நட்சத்திரத்தை இதுவரை அவளுக்குக் காட்டவே முடியவில்லை, நான் தேடுகிற திசை தப்பா?

விகேபுரத்தான்:
தம்பி, அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அது புலிகள் காப்பகம், இருட்டுவதற்குள் வண்டிகள் கீழே இறங்கிவிட வேண்டும், சும்மா நட்சத்திரம் பார்க்க என்று ராத்திரி உள்ளே விடமாட்டார்கள். விடாததுதான் நல்லது. எங்கள் ஊர் ஓரத்துக்கே கரடியும் சிறுத்தையும் வந்து போகின்றன, காட்டுக்குள் இருட்டில் பிள்ளையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வீர்களா? காட்டுக்குள் ஜனங்கள் கூட்டமாக ராத்திரி தங்குவது ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டு இருக்கும்போது. அமாவாசை இருட்டு அருமையாக இருக்குமே என்று நானும் ஒரு வருசம் ஆசையாகப் பாயை விரித்தேன். சாரல் காலம், மேகம் விலகவே இல்லை, சுற்றிலும் டியூப்லைட்டும் மேளமும், கடைசியில் கிடா விருந்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெஞ்ச்சிலும் நடுக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. சுற்றியிருக்கிற ஊர்களின் தெருவிளக்கை வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மாற்றியதுதான் பெரிய வேலை.

தேரிமணல்:
அண்ணாச்சி சொன்னது சரி. நட்சத்திரம் பார்க்கக் காடு வேண்டாம், மரம் மறைக்கும். வெட்டவெளியும் தெற்கே தாழ்வான அடிவானமும்தான் வேண்டும். மேற்கே மலை இருப்பதால் அம்பை, களக்காடு பக்கம் அந்தத் திசை பாதி போய்விடும். உவரிப் பக்கம் கடற்கரையில் ஊர் விளக்கைத் தாண்டிப் போங்கள், இல்லையென்றால் சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரி ஓரத்தில் தெரிந்தவர் பனைவிளை ஏதாவது இருந்தால் அங்கே. பணகுடி, ராதாபுரம் வேண்டாம், காற்றாலை உச்சியில் சிவப்பு விளக்கு வரிசையாக மினுக்கி மினுக்கி எரிச்சல் மூட்டும்.

துருவ நட்சத்திரத்துக்கு வருகிறேன். திசை தப்பில்லை, உயரம்தான் தப்பு. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ வடக்கே அது அத்தனை பாகை உயரத்தில்தான் இருக்கும். திருநெல்வேலி 8.7 பாகை. கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை, அதற்கும் கீழே கிடக்கிறது. பாளையில் ஒரு வேப்பமரம் போதும் மறைக்க. அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, டெல்லிக்காரனுக்கு எட்டாத தெற்கு வானம் நமக்குத்தான் கிடைக்கிறது. மே நடுவில் ராத்திரி ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தெற்கே பாருங்கள். கை நீட்டி விரல்களை விரித்தால் வருகிற சாண் இருக்கிறதே, அடிவானத்திலிருந்து அந்த ஒரு சாண் உயரத்தில் தெற்குச் சிலுவை, நம் ஆட்கள் திரிசங்கு என்பார்கள், நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரம், அதில் சிலுவையை விட்டுத் தள்ளி இருப்பது ஆல்பா செண்டாரி, சூரியனுக்கு மிகப் பக்கத்து நட்சத்திரக் கூட்டம், நாலேகால் ஒளியாண்டு சொச்சம். சிலுவைக்கு மேலே இடப்பக்கமாகப் பைனாகுலரை மெல்ல ஓட்டினால் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று மாட்டும். அதுதான் ஒமேகா செண்டாரி, நட்சத்திரங்கள் லட்சக்கணக்கில் நெருங்கிக் கிடக்கிற கொத்து. அதைப் பார்த்ததும் பிள்ளை பைனாகுலரைத் திருப்பித் தரமாட்டாள்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். போய் இறங்கியதும் ஒன்றும் தெரியவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நடுவில் யாராவது ஒரு தடவை போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பு சுற்றி ரப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

விகேபுரத்தான்:
மணலிலும் விளையிலும் பாம்பு உண்டு, செருப்பு இல்லாமல் இறக்காதீர்கள். அந்த நிலத்துக்காரரிடமோ ஊரில் ஒருவரிடமோ முதலிலேயே சொல்லிவிடுங்கள், ராத்திரி வெளியூர்க் கார் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்தில்தானே என்று அந்தக் கரைக்குப் போய்விட வேண்டாம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது, நாம் போய் டார்ச் அடிக்கக் கூடாது.

பாளை மொட்டைமாடி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, தேரிமணல். மச்சினனுக்கு உவரிப் பக்கம் விளை இருக்கிறது, வைகாசி அமாவாசைக்கு அங்கேயே போகிறோம். பொதிகை மலையில் அகத்தியர் இருக்கிறார் என்கிறார்களே, அவர் பெயரில் நட்சத்திரம் உண்டு என்று மகளின் பாட்டி சொல்கிறார், அதுவும் அன்றைக்குத் தெரியுமா?

தேரிமணல்:
உண்டு, வெளியே கனோபஸ் என்பார்கள். ராத்திரி வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசம் அதுதான். ஆனால் மே மாதம் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே தென்மேற்கில் இறங்கிவிடும், ஏழு, ஏழரைக்கே விளையில் இருந்தால் ஒரு பார்வை கிடைக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவில் ராத்திரி ஒன்பது மணி, நேர் தெற்கே ஒன்றரைச் சாண் உயரம். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.