ஒரே மொழி பேசும் அரபு மக்கள் ஏன் இத்தனை நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள்?

பிந்தாங்_மணி:
எனக்கு வேலை கே.எல்.லில், ஜாலான் பெராங்கான் பக்கம். அரபுச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உள்ள இடம். நான் மதியம் சாப்பிடும் கடையில் சமையல்காரர் சிரியாக்காரர், பரிமாறுபவர் ஏமன்காரர், கல்லாவில் எகிப்துக்காரர். காசா செய்தி வந்தால் மூவரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு டிவி முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். இப்படி ஒட்டுறவோடு இருக்கும் மக்களுக்கு அரபு லீக் என்ற அரபு நாடுகளின் கூட்டமைப்பில் மட்டும் 22 நாடுகள். துருக்கி சுல்தானின் ஆட்சி போனபோதே ஒன்றாகியிருக்கலாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லெபோ_ஆச்சே:
ஆகத்தான் பார்த்தார்கள் தம்பி, விடவில்லை. மெக்காவின் ஷெரீப் ஹுசைனுக்கு 1915-ல் எகிப்தில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த மக்மஹோன் கடிதம் எழுதி, போருக்குப் பிறகு அரபு சுதந்திரம் என்று வாக்குக் கொடுத்தார், அதிலும் எல்லை விஷயத்தில் மழுப்பல்தான். அதை நம்பி 1916 ஜூனில் அவர் துருக்கிக்கு எதிராகக் கிளம்பினார். அதற்கு முந்தின மாதமே பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தம் என்று அந்த நிலத்தை ரகசியமாகப் பங்கு பிரித்து முடித்துவிட்டன! 1920 மார்ச்சில் டமாஸ்கஸில் கூடிய சிரியப் பிரதிநிதிகள் சபை ஹுசைனின் மகன் ஃபைசலை அரசராக அறிவித்தது. ஜூலையிலேயே பிரெஞ்சுப் படை வந்துவிட்டது. ஃபைசலின் போர் மந்திரி யூசுஃப் அல்-அஸ்மா, தோற்போம் என்று தெரிந்தும் ஒரு சின்னப் படையோடு டமாஸ்கஸுக்கு மேற்கே மைசலூனுக்குப் போய் அங்கேயே உயிரை விட்டார். எதிர்ப்பே இல்லாமல் டமாஸ்கஸைப் பிடித்தார்கள் என்று நாளைக்கு எவனும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகப் போன மனிதர் அவர். எனக்கு இந்தச் சரித்திரத்தில் அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ரவி_சுங்கை_நிபோங்:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் முழுப் பழியையும் லண்டன், பாரிஸ் தலையில் கட்டிவிட முடியாது. 1958-ல் எகிப்தும் சிரியாவும் ஒன்றாகி ஐக்கிய அரபுக் குடியரசு ஆனபோது வெள்ளைக்காரன் யாரும் குறுக்கே வரவில்லை. சிரிய ராணுவ அதிகாரிகளே கெய்ரோவுக்குப் போய் எகிப்து அதிபர் நாசரிடம் கேட்டு வாங்கிய இணைப்பு அது. 1956-ல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டனையும் பிரான்சையும் எதிர்த்து நின்ற பிறகு அவருக்கு அவ்வளவு மவுசு. அவர் போட்ட நிபந்தனை, சிரியாவில் எல்லாக் கட்சிகளையும் கலைக்க வேண்டும். அப்புறம் அதிகாரம் மொத்தமும் கெய்ரோவுக்குப் போயிற்று, டமாஸ்கஸ் அலுவலகங்களில் எகிப்திய அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள், 1961-ல் வங்கிகளும் பெரிய ஆலைகளும் அரசுடைமை ஆயின. அந்த செப்டம்பர் 28-ல் சிரிய ராணுவமே புரட்சி செய்து பிரித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் சிரியா, ஈராக் இரண்டையும் ஆண்டது அரபு ஒற்றுமை பேசிய பாத் கட்சிதான், இரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஈரான்-ஈராக் போரில் சிரியா நின்றது ஈரான் பக்கம். எல்லோருக்கும் ஒற்றுமை வேண்டியிருந்தது, ஆனால் தலைமை நாற்காலியை விட யாருக்கும் மனசு வரவில்லை.

பானு_ஜெலுத்தோங்:
ரவி, அரபு நாடுகளிலேயே வாழும், அரபு அல்லாத குர்து மக்களைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லையே. 1962-ல் ஹசக்கா மாநிலத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது சிரிய அரசு. வட ஆப்பிரிக்காவில் அமாசிக் (பெர்பர்) மக்களின் மொழியும் பல காலம் ஒதுக்கப்பட்டே கிடந்தது. 'நாம் எல்லோரும் அரபு' என்று அரசாங்கம் சொல்லும்போது அதில் சேராதவன் கதி இதுதான்.

மணி, மொழி ஒன்றாக இருந்தால் அரசும் ஒன்றாக இருக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் ஏதாவது நடந்தால் பினாங்கில் நமக்குப் பதறுகிறது, அதற்காக நாம் மலேசியர் இல்லை என்று ஆகிவிடுமா? 2011-ல் அரபு நாடுகளில் எழுந்த மக்கள் எழுச்சியையும் அப்படித்தான் பார்க்கிறேன். துனிசில் எழுந்த கோஷத்தையே கெய்ரோவிலும் ஏமனின் சனாவிலும் சிரியாவின் தராவிலும் எழுப்பினார்கள், ஆனால் எல்லைகளை அழி என்று அவர்கள் கேட்கவில்லை. தங்கள் நாட்டில் தங்களை மனிதராக நடத்தும் ஆட்சியைத்தான் கேட்டார்கள்.

லெபோ_ஆச்சே:
குர்து விஷயத்தில் பானு சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லையை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று முடித்துவிடாதேம்மா. லெபனான் அகதி முகாம்களில் 1948-லிருந்து தலைமுறை தலைமுறையாக இருக்கும் பாலஸ்தீனர்களுக்கு இன்னும் அங்கே குடியுரிமை இல்லை. பேசுவதும் அரபி, இருப்பதும் அரபு நாடு, பல தொழில்களில் சேர சட்டமே தடுக்கிறது. அவர்களுக்கு எந்த நாட்டு ஆட்சி என்று சொல்லு.