அப்பாவின் பனியனில் ஆன்டெனா தைக்க முடியுமா?

சிப்புட்_தையல்கடை:

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்தை விட்டு வர மனமில்லாமல் அம்மாவோடு அங்கேயே லயத்து வீட்டில் இருக்கிறார். போன வருடத்திலிருந்து இருதயத் துடிப்பு சீராக இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தம்பி ஒரு கருவி வாங்கிக் கொடுத்தான். தீப்பெட்டி அளவுதான், நெஞ்சின் இடது பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும், ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்குத் துடிப்பைக் கோடாக அனுப்பும், அதை நான் டவுனிலிருந்தே பார்ப்பேன்.

பகலில் வீட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. இரவில் அப்பா இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தால் போதும், கோடு அறுந்துவிடுகிறது. நேற்று 1.40-லிருந்து 3.15 வரை ஒன்றுமே வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு எழுப்பவும் மனசு வரவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போதும் இதே கதை. விற்ற கடையில் கேட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்பதோடு சரி.

துணியிலேயே ஆன்டெனா செய்து நோயாளியின் சட்டையில் தைக்கிறார்கள் என்று படித்தேன். ஊசியும் துணியும்தான் என் தொழில். அப்பாவின் பனியனில் நானே தைத்துக் கொடுக்கலாமா? வியர்வையும் துவைப்பதும் தாங்குமா? இருதயத்துக்கு மேலேயே அலை பரப்பும் பொருளை வைப்பது ஆபத்தா? கைப்பேசி அடுப்படி ஜன்னலில்தான் இருக்கும், அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் லைன் கிடைக்கும்.

ஆர்எஃப்_பாயான்லெப்பாஸ்:

தங்கச்சி, நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான், இப்போது பினாங்கில் ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் வேலை. உங்கள் சந்தேகம் சரி, இது பேட்டரிக் கோளாறு மாதிரி தெரியவில்லை. நடுவில் நிற்பது அப்பாவின் உடம்புதான். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. நம் உடம்பில் பெரும்பங்கு உப்புத் தண்ணீர், அது இந்த அலையை நன்றாகக் குடித்துவிடும், தசைக்குள் 2 செ.மீ. போவதற்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். அப்பா இடது பக்கம் படுத்தால் கருவி மெத்தைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள் மற்ற நேரத்தில் எப்படி வேலை செய்கிறது என்றால், சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை சுற்றி வளைத்துக் கைப்பேசிக்குப் போய்ச் சேருகிறது. வாசலில் அப்படித் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது, அதனால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாலே அறுந்துவிடும்.

இன்னொன்று, ஆன்டெனாவை உடம்போடு ஒட்டி வைத்தாலே அதன் சுருதி, அதாவது அது இசைந்திருக்கும் அலைவரிசை, இறங்கிவிடும். துணி ஆன்டெனாவின் பலம் இங்கேதான் இருக்கிறது. மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே பார்க்கும் பக்கம் செம்பு, நிக்கல் பூசிய துணியில் ஒரு சதுரம், நடுவில் 3 மி.மீ. கம்பளித் துணி, உடம்புப் பக்கம் அதைவிடப் பெரிய இன்னொரு உலோகத் துணி. அந்த அடித்துணி உடம்பை மறைத்துவிடும், அலை வெளியே போகும், நெஞ்சுக்குள் போவது மிகவும் குறையும்.

ஆபத்தைக் கேட்டீர்கள். இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் சில மில்லிவாட்டுக்கு மேல் போவதில்லை. 10 மில்லிவாட் என்றே வைத்து, அத்தனையும் 10 கிராம் சதைக்குள் இறங்குவதாகக் கணக்குப் போட்டாலும் ஒரு கிலோவுக்கு 1 வாட்தான் வருகிறது. உடம்புக்கும் தலைக்கும் சர்வதேச வரம்பு 2 வாட். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் கணக்கு வேறு, அதை இருதய டாக்டரிடம் கேட்காமல் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இப்போது கசப்பான விஷயம். மூடி ஒட்டிய கருவியில் வெளி ஆன்டெனா மாட்டும் வாய் அநேகமாக இருக்காது. சும்மா பனியனில் தைத்து வைத்தால் அது வெறும் துணி, அதோடு கருவிக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. உலோகத் துணி கருவியின் மேல் வந்து விழுந்தால் இருக்கிற அலையும் போகும். பிரித்து ஈயம் வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே மருத்துவக் கருவிகளை 2012-ஆம் ஆண்டின் 737-ஆவது சட்டப்படி பதிவு செய்கிறார்கள், பிரித்து மாற்றிய கருவி அந்தப் பதிவில் இருக்கிற கருவி ஆகாது. அது காட்டும் கோட்டை நம்பி டாக்டர் மருந்தை மாற்றவும் முடியாது.

துணிச்சுற்று_மாணவி:

அக்கா, என் இறுதியாண்டு வேலையே துணி ஆன்டெனாதான், அதனால் தையல் பக்கத்தை நான் சொல்கிறேன். சதுரம் ஏறக்குறைய 5 செ.மீ. வரும். அதில் 1 மி.மீ. தப்பினாலே சுருதி சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் நகரும், ப்ளூடூத்துக்கு உள்ள மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். என் முதல் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டினேன், ஓரத்தில் நூல் பிரிந்து மயிர் மயிராக நின்றது, அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் சுருதி எங்கேயோ கிடந்தது. அப்புறம் பின்பக்கம் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டுவிட்டு, கூர்மையான பிளேடால் வெட்டிய பிறகுதான் ஓரம் நின்றது. உங்கள் கை என் கையைவிட நன்றாக வரும், அதில் சந்தேகமே இல்லை.

உலோக நூலால் பூத்தையல் போட்டும் செய்யலாம். ஆனால் மின்சாரம் ஓடும் திசையிலேயே தையல் ஓட வேண்டும், குறுக்கே போட்டால் ஒவ்வொரு நூலாகத் தாண்ட வேண்டியிருக்கும், நிறைய சக்தி அங்கேயே வீணாகும்.

வியர்வைதான் பெரிய எதிரி. பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை, அதனால் நடு அடுக்குக்குப் பாலியெஸ்டர் கம்பளி எடுப்போம். நனைந்துவிட்டால் சுருதி கீழே போய்விடும், காய்ந்தால் திரும்பி வரும், அது பரவாயில்லை. துவைக்கும்போது உலோகப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுமே, அதுதான் திரும்பாது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். பெர்லிஸில் யூனிமேப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் இந்த ஆய்வு பல வருடமாக நடக்கிறது, ஆர்வம் இருந்தால் எழுதிக் கேளுங்கள், தையல் தெரிந்த ஆள் அவர்களுக்கும் தேவைப்படலாம்.

ஓய்வுபெற்ற_மிசி:

அம்மா, நான் நர்ஸாக இருந்தவள், ஆன்டெனா எனக்குத் தெரியாது, வயசானவர்களைத் தெரியும். உலோகத் துணி எதுவும் நேராகத் தோலில் படக்கூடாது, நிக்கல் பட்டால் சிலருக்குத் தடித்துச் சிவந்துவிடும், அதிலும் இந்த வயதுத் தோல் காகிதம் மாதிரி. கருவியை வலது பக்கம் மாற்றி ஒட்டலாம் என்று நீங்களாகவே செய்துவிடாதீர்கள், ஒட்டும் இடம் மாறினால் கோட்டின் வடிவமே மாறும், டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் இரவில் கோடு அறுந்தால் கருவி அதைத் தனக்குள் சேமித்து வைக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். அப்படி வைத்தால் காலையில் தானாக வந்துவிடும், டாக்டருக்கு அது போதும். அப்பாவுக்கு நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் கோடு வருகிறதா என்று பார்க்க வேண்டாம், அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

ஆர்எஃப்_பாயான்லெப்பாஸ்:

மிசி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கைப்பேசி அடுப்படியில் இருப்பதுதான் இதில் பாதிப் பிரச்சனை. லைன் கிடைக்கும் ஜன்னலில் ஒரு சின்ன வைஃபை மோடம் வைத்துவிட்டு, கைப்பேசியைக் கட்டிலின் இடது பக்கம், அப்பா திரும்பிப் படுத்தால் முகம் பார்க்கும் பக்கம், மெத்தை உயரத்தில் வையுங்கள். நெஞ்சுக்கும் கைப்பேசிக்கும் நடுவில் உடம்பு வராது. துணி ஆன்டெனாவே இருந்தாலும் அது கடப்பது இந்தச் சில மீட்டரைத்தான், ஜன்னலுக்கு அப்பால் அதற்கு வேலையில்லை.

சிப்புட்_தையல்கடை:

அண்ணே, மிசி, தங்கச்சி, மூவருக்கும் நன்றி. கருவியைப் பிரிக்கவில்லை, மாற்றியும் ஒட்டவில்லை. கையேட்டில் 24 மணி நேரம் சேமிக்கும் என்று போட்டிருக்கிறது, ஆனால் செயலியில் அதை நாம்தான் திறந்துவிட வேண்டுமாம், கடையில் ஒருவரும் சொல்லவில்லை. பேஸ்மேக்கர் இல்லை. தம்பியின் பழைய மோடத்தை 35 வெள்ளி மாத சிம் போட்டு ஜன்னலில் வைத்தாயிற்று. கைப்பேசிக்குக் கட்டில் கம்பியில் மாட்டுகிற மாதிரி ஒரு துணிப்பை தைத்தேன், வெறும் பருத்திதான், அப்பாவின் பழைய கைலியில். நேற்று இரவு ஒரே ஒரு முறை, நான்கு நிமிடம் அறுந்தது. அம்மாவிடம் கேட்டேன், அப்பா எழுந்து வெளியே போய்விட்டு வந்தாராம்.

தங்கச்சி, அந்த 5 செ.மீ. சதுரத்தை எனக்குத் தைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இல்லை, உன் வேலைக்கு. துணி அனுப்பு.